62.5 டிகிரியில் தாய்ப்பால்!

தாண்டிக்குடின்னு சொன்னதுமே காபி வாசனை வந்திருக்குமே? காபி வாரியத்தோட ஆராய்ச்சி நிலையமே இருக்கிற மலை கிராமம் ஆச்சே! இங்கே யாரைக் கேட்டாலும் ஒண்ணு சொல்வாங்க: கொட்டையை எந்தச் சூட்டுல, எத்தனை நிமிஷம் வறுக்கிறோம்கிறதுலதான் சூட்சுமமே இருக்கு. கொஞ்சம் கூடினா மணம் போச்சு, கொஞ்சம் குறைஞ்சா பச்சை வாடை.

இதே சூடு - நேரம் கணக்கு ஒரு பச்சைக் குழந்தையோட உயிர் விஷயத்துலயும் இருக்குன்னா நம்புவீங்களா? இருக்கு பாஸ்... தாய்ப்பால் வங்கியில!

எதுக்கு வங்கி?

எட்டாம் மாசமோ அதுக்கு முன்னாடியோ பிறக்கிற குழந்தைக்கு குடல் முழுசா முதிர்ந்திருக்காது. கெட்ட கிருமிகள் பெருகினா குடல் சுவரே அழுகிப்போகிற ஆபத்து உண்டு. 'நெக்ரோடைசிங் என்டெரோகோலைட்டிஸ்'னு பேரு. டாக்டர்கள் சுருக்கமா என்.இ.சி.ன்னு சொல்வாங்க. இதுக்கு எதிரான முதல் கேடயம், பெத்த அம்மாவோட பால்தான்.

ஆனா அம்மா ஐ.சி.யூ.வுல இருந்தா? பால் சுரக்க நாளானா? அப்போ வேறொரு தாய் தானமா கொடுத்த பால் கைகொடுக்கும். ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி 1989ல மும்பை சயான் மருத்துவமனையில ஆரம்பமாச்சு. ஆரம்பிச்சவர் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ். நம்ம தமிழ்நாட்டுல எழும்பூர், மதுரைன்னு அரசு மருத்துவமனைகள்லயே இந்த வங்கிகள் இருக்கு.

பாலுக்குள்ளே ஒரு படை!

தாய்ப்பால் வெறும் சாப்பாடு இல்லீங்க. அதுக்குள்ளே ஒரு பட்டாளமே இருக்கு.

* ஐ.ஜி.ஏ: அம்மாவோட குடல் ஏற்கெனவே பார்த்த கிருமிகளுக்கு எதிரான ஆன்டிபாடி. குழந்தையோட குடல் சுவர்ல கிருமி ஒட்டாம தடுக்கும்.
* லாக்டோஃபெரின்: கிருமி வளர இரும்புச்சத்து வேணும். அதை இது லபக்குன்னு பிடிச்சு வெச்சுக்கும். கிருமி பட்டினி!
* லைசோசைம்: கிருமியோட சுவரையே உடைக்கிற என்சைம்.
* ஒலிகோசாக்கரைடு: குழந்தைக்கே செரிக்காத சர்க்கரை. அப்புறம் எதுக்கு? நல்ல பாக்டீரியாவுக்கு இதுதான் தீனி. கெட்ட கிருமி இதையே குடல் சுவர்னு நினைச்சு ஒட்டிக்கிட்டு ஏமாந்து போகும்.

அரை மணி நேர அடுப்பு

தானம் கொடுக்கிற தாய்க்கு எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி மாதிரியான டெஸ்ட் எல்லாம் எடுப்பாங்க. இருந்தாலும் பாலை அப்படியே கொடுத்துட முடியாது. 62.5 டிகிரியில 30 நிமிஷம் சூடுபண்ணி, சட்டுனு குளிர வைப்பாங்க. இதுக்கு 'ஹோல்டர் முறை'ன்னு பேர். எச்.ஐ.வி. உட்பட பல வைரஸ்கள், நோய் தர்ற பெரும்பாலான பாக்டீரியாக்கள் காலி.

சிக்கல் என்னன்னா, சூட்டுக்கு நண்பன் யாரு, எதிரி யாருன்னு தெரியாது! லாக்டோஃபெரினோட பெரும்பகுதி போயிடுது. ஐ.ஜி.ஏ. 20ல இருந்து 60 சதவீதம் வரை குறையுது. கொழுப்பைச் செரிக்க உதவுற லைபேஸ் என்சைம் சுத்தமா அவுட். பால்ல இருக்கிற உயிருள்ள செல்களும் மிஞ்சாது. ஆனா ஒலிகோசாக்கரைடு மட்டும் சூட்டுக்கு அசையறதே இல்லை. கெத்து!

அப்போ தானப் பால் வேஸ்ட்டா?

அவசரப்படாதீங்க. குறைமாதக் குழந்தைகள்கிட்ட நடந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து, 2019ல காக்ரேன் அமைப்பு ஓர் அலசல் வெளியிட்டுச்சு. பவுடர் பால் குடிச்ச குழந்தைகளுக்கு, தானப் பால் குடிச்சவங்களைவிட என்.இ.சி. ஆபத்து கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதாவது படையில பாதி ஆளு போனாலும், மிச்சம் இருக்கிறவங்களே அவ்வளவு வேலை பார்க்கிறாங்க!

ஸோ, டாக்டர்களோட வரிசை இதுதான்: முதல்ல பெத்த அம்மாவோட பால், சூடு பண்ணாம. கிடைக்கலைன்னா வங்கிப் பால். அதுவும் இல்லைன்னாதான் பவுடர்.

இஞ்சினீயர்களே, உங்க டர்ன்!

கிருமியும் சாகணும், படையும் தப்பிக்கணும். என்ன வழி? பால் பண்ணைகள்ல பண்ற மாதிரி 72 டிகிரியில 15 விநாடி மட்டும் சூடு பண்றது ஒண்ணு. சூடே இல்லாம பயங்கர அழுத்தம் கொடுக்கிறது இன்னொண்ணு. மூணாவது, யு.வி.-சி புற ஊதாக் கதிர். 2017ல வெளியான ஓர் ஆய்வுல குறைமாதப் பன்றிக்குட்டிகளுக்கு ரெண்டு வகையா பதப்படுத்தின தாய்ப்பாலைக் கொடுத்துப் பார்த்தாங்க. ஹோல்டர் பால் குடிச்சதைவிட யு.வி. பால் குடிச்ச குட்டிகளுக்கு வளர்ச்சியும் குடலும் நல்லா இருந்துச்சு. குட்டிகள்கிட்ட ஜெயிச்சது குழந்தைகள்கிட்டயும் ஜெயிக்குமாங்கிறதுதான் அடுத்த கேள்வி. ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல மார்க் வாங்கற மச்சான்ஸ், ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் ரெடி!

மலையில பிறந்தா?

தாண்டிக்குடியில இருந்து மலைப்பாதையில வத்தலக்குண்டு இறங்கி, அப்புறம் மதுரைக்குப் போகணும். அவசரத்துக்கு வங்கி பக்கத்துல இல்லை. அதனால இங்கே அம்மாவோட முதல் பாலுக்கு மதிப்பு இன்னும் ஜாஸ்தி. ஆனா நம்ம வீடுகள்ல என்ன நடக்குது? மஞ்சளா வர்ற சீம்பாலை 'கெட்ட பால்'னு பீய்ச்சிக் கொட்டுறதும், சேனைன்னு சர்க்கரைத் தண்ணியை நாக்குல தொட்டு வைக்கிறதும் இன்னும் முழுசா போகலை. ஐ.ஜி.ஏ.வும் லாக்டோஃபெரினும் அதிகமா குவிஞ்சிருக்கிறதே அந்தச் சீம்பால்லதான்!

பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலை அடுப்புல கொதிக்க வைக்கக் கூடாது. மைக்ரோவேவும் வேண்டாம். சுத்தமான கிண்ணத்துல மூடி வெச்சா, அறை வெப்பத்துல 4 மணி நேரம் தாங்கும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்ததுன்னா வெதுவெதுப்பான தண்ணியில கிண்ணத்தை வெச்சு எடுத்தா போதும். தாய்ப்பாலை விக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. 2024 மே மாசம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதைக் கறாராவே சொல்லிடுச்சு. தானம் மட்டும்தான்.

உங்க அக்காவுக்கோ அண்ணிக்கோ குழந்தை பிறக்கப் போகுதா? பாட்டி சேனைக் கிண்ணத்தோட வந்தா சண்டை போடாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து, சீம்பாலுக்குள்ளே இருக்கிற அந்தப் படையோட கதையைச் சொல்லுங்க. பாட்டிகளுக்குக் கதை பிடிக்கும்!