தொழிலுக்கு ஒரு முகம் – 7: துப்பாக்கிக் கம்பெனியும் கூடை வைத்த சைக்கிளும்

முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் கைகோத்து 1949-ல் தொடங்கியது டி.ஐ. சைக்கிள்ஸ். அம்பத்தூரில் பூட்டி முடித்த வண்டிகளின் மேல் ஒட்டிய ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் பர்மிங்ஹாம் பெயர்கள்.

பி.எஸ்.ஏ. கதை வேடிக்கையானது. பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்பதன் சுருக்கம் அது. 1861-ல் துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பெனி. ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள்தான் அவர்களின் முத்திரை. அதே மூன்றெழுத்து அம்பத்தூரில் எஸ்.எல்.ஆர். சைக்கிள் ஆனது, பொடிசுகளுக்கு சேம்ப் ஆனது, முன்னால் கூடை வைத்த லேடிபேர்டாகப் பள்ளிக்கூட வாசல்களில் நின்றது. துப்பாக்கியை யாரும் தேடவில்லை.

ஹெர்குலிஸ் என்றால் முரட்டு வண்டி, மூட்டை ஏற்றலாம். எம்.டி.பி. என்ற மலைச் சைக்கிள் மோகம் வந்தபோதும் தடித்த டயர் போட்ட வண்டியில் ஹெர்குலிஸ் பெயரையே போட்டார்கள். வண்டி புதிது, குணம் பழையது. 2011-ல் கார்பன் சைக்கிள் கொண்டுவந்தபோது மட்டும் மான்ட்ரா என்று புதுப் பெயர். அதுதான் சரி. அந்த விலைக்கு ஹெர்குலிஸ் என்று எழுதியிருந்தால் பேரம் பேசியிருப்பார்கள்! 2022-ல் அதே மான்ட்ரா மின்சார ஆட்டோவுக்கும் போனது. இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. கார்பன் சைக்கிளுக்கும் சவாரி ஆட்டோவுக்கும் பொதுவான குணம் என்ன என்று வாங்குகிறவருக்குச் சொல்லியாக வேண்டும்.

சரி, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பத்து ஆள் வைத்து லேத் ஓட்டுகிறவருக்கு இதில் என்ன இருக்கிறது? நிறைய. ஒரு பெயருக்கு ஒரே குணம் என்றால், அது தெரியும் இடமெல்லாம் ஒரே முகமும் வேண்டும். ஆனால் நம்மிடம் போர்டில் ஒரு நீலம், பில் புக்கில் வேறு நீலம், டெம்போ கதவில் பச்சை. காரணம், பெயின்டரிடம் "நீலம்" என்று மட்டும் சொன்னது. ஷேட் கார்டு எண்ணைக் கொடுத்தால் பாதிக் குழப்பம் தீரும். இன்னொரு கோளாறு: ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்கு லோகோவின் கோரல் ஃபைலைக் கொடுக்காமல், போர்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது. அவர் பார்த்து வரைவார். எழுத்து கொஞ்சம் மாறும். அதைப் பார்த்து அடுத்தவர் வரைவார்.

அம்பத்தூர்க்காரர்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. உங்கள் பெயரை இரும்பில் பஞ்ச் அடிக்க வேண்டியிருக்கும். அங்கே நிறமில்லை, இடமும் ஒரு சென்டிமீட்டர்தான். அதிலும் தெரிகிற எழுத்தையே போர்டுக்கும் பெட்டிக்கும் பெரிதாக்குங்கள். அந்த எழுத்தையும் நிறத்தையும் மாற்றவே மாற்றாதீர்கள். பொருளின் பெயர், பெட்டியின் அளவு, தமிழா ஆங்கிலமா என்பதெல்லாம் வாங்குகிறவரைப் பார்த்து மாறட்டும்.

புது லோகோவுக்குச் செலவழிக்கும் முன் பில் புக், விசிட்டிங் கார்டு, அட்டைப்பெட்டி, போர்டின் போட்டோ எல்லாவற்றையும் ஒரே மேஜையில் பரப்பி, உங்களிடம் வேலை பார்க்காத ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எல்லாம் ஒரே கம்பெனியுடையதா என்று மட்டும் கேளுங்கள்.