கப்பல் ஆடும்போது தலை ஏன் சுற்றுகிறது?

உல்லாசக் கப்பலில் பயணம் செய்யப்போகும் ஒருவர், பெட்டியில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும், சாப்பாடு எப்படி இருக்கும் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் சற்றுத் தயங்கி ஒரு கேள்வி கேட்பார்: “வாந்தி வருமா?” உண்மையில் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். மற்றவற்றைக் கப்பலில் ஏறிய பிறகும் சரிசெய்துகொள்ளலாம். எந்த அறையில் தங்குவது என்பதை மட்டும் பெரும்பாலும் பயணச்சீட்டு வாங்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவைச் சரியாக எடுப்பதற்குக் கொஞ்சம் பௌதிகமும் கொஞ்சம் உடலியலும் தெரிந்திருந்தால் போதும்.

இது நமக்கு எட்டாத விஷயம் என்று எண்ண வேண்டாம். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே ஓர் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விடப்பட்டது. சென்னையிலிருந்து அந்தமானுக்குச் செல்லும் கப்பலில் ஏறினால் ஏறத்தாழ மூன்று நாட்கள் கடலிலேயே இருக்க வேண்டும். அந்த மூன்று நாட்களும் திருவிழாவாகவும் அமையலாம், படுக்கையை விட்டு எழ முடியாத வேதனையாகவும் அமையலாம்.

குற்றவாளி வயிறு அல்ல

குமட்டலுக்கு ஆங்கிலத்தில் ‘நாஸியா’ என்று பெயர். கப்பலைக் குறிக்கும் ‘நௌஸ்’ என்ற பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த வார்த்தை இது. கப்பல் ஏறியவனுக்குக் குமட்டும் என்பது அவ்வளவு பழைய அனுபவம்! வாந்தி வயிற்றிலிருந்து வருவதால் பழியும் வயிற்றின்மேல் விழுந்துவிட்டது. ஆனால் தொல்லை தொடங்கும் இடம் காது.

காது கேட்பதற்கு மட்டும் உள்ள உறுப்பு அன்று. உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்திருக்கின்றன. அவற்றுக்குள் ஒரு திரவம் நிறைந்திருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் சிறிது மிளகுத்தூளைத் தூவி, டம்ளரைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். டம்ளர் திரும்பிவிடும், தண்ணீர் சற்றுப் பின்தங்கி நிற்கும். தலையைத் திருப்பும்போது உட்செவிக் குழல்களிலும் இதுவே நிகழ்கிறது. பின்தங்கும் திரவம் அங்குள்ள நுண்ணிய மயிர்களை வளைக்கிறது. தலை எந்தப் பக்கம் திரும்பியது என்ற செய்தி மூளைக்குப் போகிறது. சிறுவயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள் அல்லவா? நின்ற பிறகும் உலகம் சுற்றுவதற்குக் காரணம், நீங்கள் நின்றபின்னும் அந்தத் திரவம் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பதுதான்.

இக்குழல்களுக்கு அருகில் இரண்டு சிறு பைகள் உள்ளன. அவற்றில் கால்சியம் கார்பனேட்டால் ஆன துகள்கள் ஒரு மெல்லிய படலத்தின்மேல் அமர்ந்திருக்கின்றன. நாம் மேலே ஏறுகிறோமா, கீழே இறங்குகிறோமா, எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதை இத்துகள்களின் நகர்ச்சி தெரிவிக்கிறது. லிப்ட் கிளம்பும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் தெரிந்துவிடுகிறதே, அது இவற்றின் வேலைதான்.

இப்போது கப்பல் அறைக்குள் இருக்கும் ஒரு பயணியை நினைத்துக்கொள்ளுங்கள். சுவர், கட்டில், மேசை எல்லாம் அவரோடு சேர்ந்தே ஆடுவதால், “எதுவும் அசையவில்லை” என்று கண் சொல்கிறது. “ஏறுகிறோம், இறங்குகிறோம், சாய்கிறோம்” என்று காது சொல்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்படுவதால் மூளை குழம்புகிறது. கொட்டாவி, வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், முகம் வெளிறுதல், பிறகு வாந்தி என்று வரிசையாகத் தொடர்கின்றன. குழம்பிய மூளை எதற்காக வயிற்றைக் காலி செய்ய வேண்டும்? 1977இல் டிரைஸ்மன் என்ற ஆய்வாளர் ஒரு விளக்கம் தந்தார். கப்பலும் பஸ்ஸும் இல்லாத காலத்தில் கண்ணும் காதும் இப்படி முரண்பட்டால், நச்சுப்பொருள் எதையோ தின்றுவிட்டோம் என்றே பெரும்பாலும் பொருள். ஆகவே மூளை அதை வெளியேற்றப் பார்க்கிறது என்றார். இது கருதுகோள்தான், முடிந்த முடிவு அல்ல.

காதுதான் காரணம் என்பதற்கு ஒரு சுவையான சான்று உண்டு. 1950களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்கக் கடற்படை விண்வெளிப் பயணத்துக்கு உதவும் சில ஆராய்ச்சிகளை நடத்தியது. வாஷிங்டனில் காது கேளாதோருக்காக உள்ள காலடெட் கல்லூரியைச் சேர்ந்த 11 பேர் அதில் பங்கு கொண்டார்கள். அவர்களுள் 10 பேருக்குச் சிறுவயதில் வந்த மூளைக்காய்ச்சல், கேட்கும் திறனோடு உட்செவியின் சமநிலை உறுப்பையும் கெடுத்திருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா கடற்பகுதியில், அலை மிகுந்த வேளையில், இவர்களை ஒரு படகில் ஏற்றிச் சென்றார்கள். படகு பேயாட்டம் ஆடியது. இவர்களோ அரட்டை அடித்துக்கொண்டு சீட்டாடினார்கள்! கூடவே சென்ற ஆராய்ச்சியாளர்கள்தான் குமட்டல் தாங்க முடியாமல் சோதனையையே கைவிட்டார்கள்.

சீசா பலகையும் கப்பலும்

சரி, அறை விஷயத்துக்கு வருவோம். கப்பல் பலவிதமாக அசைகிறது. அவற்றுள் நமக்கு முக்கியமானவை இரண்டு. முன்முனையும் பின்முனையும் மாறி மாறி ஏறி இறங்குவது ஒன்று. இடமும் வலமுமாகச் சாய்வது மற்றொன்று.

முதல் அசைவு பூங்காவில் உள்ள சீசா பலகையைப் போன்றது. பலகையின் நுனியில் இருப்பவன் வானத்துக்கும் தரைக்குமாகப் போய்வர, நடுவில் நிற்பவன் அதிகம் அசைவதில்லை. 240 மீட்டர் நீளமுள்ள கப்பல் ஒன்று ஒரே ஒரு டிகிரி சாய்வதாகக் கொள்வோம். நடுவிலிருந்து 120 மீட்டர் தள்ளியுள்ள முனை எவ்வளவு உயரும்? 120ஐ சைன் 1 டிகிரியால், அதாவது 0.0175ஆல், பெருக்குங்கள். ஏறத்தாழ 2.1 மீட்டர் வரும். நடுவிலிருந்து 20 மீட்டரில் உள்ள அறையோ 35 சென்டிமீட்டர்தான் உயரும். ஒரே கப்பல், ஒரே அலை. ஆறு மடங்கு வேறுபாடு!

பக்கவாட்டில் சாயும்போது உயரம் கணக்கில் வருகிறது. சாய்வின் அச்சிலிருந்து 30 மீட்டர் உயரத்தில் உள்ள அறை, கப்பல் 5 டிகிரி சாய்ந்தால் 2.6 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். அச்சுக்கு அருகில் இருப்பவருக்கு இது தெரிவதே இல்லை. இந்தச் சாய்வைக் குறைப்பதற்காகப் பெரிய கப்பல்களின் இருபுறமும், நீருக்கடியில், மீனின் துடுப்பைப் போன்ற தகடுகளைப் பொருத்தியிருப்பார்கள். ஆனால் முன்னும் பின்னும் ஏறி இறங்கும் அசைவை இவை தடுப்பதில்லை.

ஆகவே நீளவாக்கில் நடுவிலும், உயரவாக்கில் கீழ்த்தளத்திலும் உள்ள அறையே ஆட்டம் குறைந்த அறை. வேடிக்கை என்னவென்றால், விலை உயர்ந்த அறைகள் பெரும்பாலும் மேல்தளங்களில்தான் இருக்கின்றன. அதிகப் பணம் கொடுப்பவர் அதிகமாக ஆடிக்கொண்டு போகிறார்! சன்னலா, நடு இடமா, எது முக்கியம் என்று கேட்டால் நடு இடம் என்றே நான் சொல்வேன். கடலைப் பார்ப்பதற்குத் திறந்த தளம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறதே.

அசைவின் வேகமும் முக்கியமானது. 1970களில் அமெரிக்காவில், மேலும் கீழும் ஆடும் ஓர் அறையை அமைத்து, அதில் ஆட்களை உட்கார வைத்துச் சோதித்தார்கள். மிக அதிகமாகக் குமட்டலை உண்டாக்கியது வினாடிக்கு 0.2 முறை, அதாவது 5 வினாடிக்கு ஒருமுறை, ஏறி இறங்கும் மந்தமான அசைவு. மேடுபள்ளமான ரோட்டில் கடகடவென்று உலுக்கும் மாட்டு வண்டியில் இடுப்புதான் வலிக்கும். கப்பலோ நிதானமாகத் தாலாட்டியே நம்மை வீழ்த்திவிடுகிறது.

தொடுவானத்தைப் பாருங்கள்

கொடைக்கானல் மலைப்பாதையில் போகும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகளில் பயணிகள் வரிசையாக வாந்தி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். டிரைவர் வாந்தி எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அவர் சாலையையே பார்க்கிறார். அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். காது சொல்லப்போவதைக் கண் முன்னதாகவே சொல்லிவிடுவதால், அவர் மூளையில் வழக்கே எழுவதில்லை.

கப்பலில் இதைச் செய்வது எளிது. தலை கனக்கத் தொடங்கியதுமே அறையை விட்டுத் திறந்த தளத்துக்கு வந்து, கடலும் வானமும் சந்திக்கும் கோட்டைப் பாருங்கள். அந்தக் கோடு ஆடுவதில்லை. கப்பல் ஆடுகிறது என்பதைக் கண்ணும் இப்போது ஒப்புக்கொள்கிறது. புத்தகம், செல்போன் இரண்டையும் மூடிவிடுங்கள். வர முடியவில்லையென்றால் மல்லாந்து படுத்து, தலையை அசைக்காமல் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஒரு சாட்சியையாவது வாய் அடைத்ததாகும். வயிற்றைக் காலியாகப் போடாமல் இட்லி, ரொட்டி போன்றவற்றைச் சிறிது சிறிதாக உண்பது நல்லது. எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். பஸ்ஸில் மூக்கருகே பிடித்துக்கொள்ளும் எலுமிச்சம்பழம், டீசல் நாற்றத்தை மறக்க உதவுமே தவிர, காதைச் சமாதானப்படுத்தாது. இஞ்சியைப் பற்றிய சோதனைகளோ ஒருமித்த முடிவைத் தரவில்லை. மென்று பார்ப்பதில் பெரிய கெடுதல் இல்லை.

மாத்திரைகள் உண்டு. ஆனால் அவற்றைக் குமட்டல் தொடங்குமுன், கப்பல் கிளம்புவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே விழுங்க வேண்டும். குமட்டல் வந்துவிட்டால் இரைப்பையின் வேலை மந்தமாகி, மாத்திரை உடலில் சேராமலே வாந்தியோடு போய்விடும். பல மாத்திரைகள் தூக்கத்தைத் தருபவை. சில குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாதவை. எனவே மருத்துவரைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பக்கத்து அறைக்காரர் அன்போடு நீட்டும் மாத்திரை வேண்டாம். வாந்தி தொடர்ந்தால் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் உடலில் நீர் வற்றிவிடும். அவர்களுக்கு உப்பும் சர்க்கரையும் சேர்ந்த உயிர்காக்கும் கரைசலை மிடறு மிடறாகக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

தலை சுற்றுகிறது என்று சொல்லிப் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போகாமல் படுத்துவிடுவோர் உண்டு. அது ஆபத்து. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையோரம் பாறையில் மோதிய ‘கோஸ்டா கன்கார்டியா’ என்ற உல்லாசக் கப்பலில் 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறிய ஏறத்தாழ 700 பேருக்கு அந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை; மறுநாள் நடத்துவதாக இருந்தார்கள். அதற்குப் பின் சர்வதேச விதி மாற்றப்பட்டு, கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனேயே பயிற்சி நடத்த வேண்டும் என்றாயிற்று. ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அபாய அறிவிப்பு என்று பொருள். எங்கே கூட வேண்டும், உயிர்காப்புச் சட்டையை எப்படி மாட்ட வேண்டும் என்பதை அந்தப் பயிற்சியில்தான் காட்டுவார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடல் அமைதியாக இருக்கும்போது, வயிற்றுப்போக்கோடு வாந்தி வந்தால், அது காதின் வேலை அல்ல. நோரோ வைரஸ் என்ற கிருமியாக இருக்கலாம். பலர் நெருங்கி வாழும் கப்பலில் அது மளமளவென்று பரவும். கைகளில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம் இதனிடம் அவ்வளவாகச் செல்லாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். உடனே கப்பல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாட்களில் கப்பலின் ஆட்டம் பழகிவிடும். சிலருக்குப் பழகுவதே இல்லை. 1831 டிசம்பர் 27 அன்று ‘பீகிள்’ கப்பலில் புறப்பட்ட சார்லஸ் டார்வின், ஏறத்தாழ ஐந்தாண்டுப் பயணத்தில் கடைசிவரை அவதிப்பட்டார். தொடக்க நாட்களில் அவர் வயிறு ஏற்றுக்கொண்டது உலர்ந்த திராட்சையைத்தான். கரையில் கால் வைத்ததும் அவருக்குத் தெம்பு திரும்பிவிடும். பெட்டி பெட்டியாகப் பூச்சிகளையும் பாறைகளையும் சேர்த்துக்கொண்டு, மறுபடியும் அந்தக் கப்பலிலேயே ஏறுவார்.

நன்றாகப் பழகியவர்களுக்கு வேறொரு வேடிக்கை காத்திருக்கிறது. பயணம் முடிந்து இறங்கும்போது, ஆட்டத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடப் பழகியிருக்கும் மூளை, ஆடாத தரையிலும் அதையே செய்கிறது. குளியலறையில் கண்ணை மூடி முகத்துக்குச் சோப்புப் போடும்போது தரை மெல்ல ஏறி இறங்குவதுபோல் இருக்கும், சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் அது நின்றுவிடும். ஒரு மாதம் ஆகியும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.