103 ஆக்டேன் கேட்ட இன்ஜின்

1967-இல் செவர்லே நிறுவனம் கார்வெட் காரில் எல்88 என்ற இன்ஜினை வைத்து விற்றது. கியர் கம்பியை ஒட்டிய பலகையில் ஓர் எச்சரிக்கை ஒட்டுத்தாள் இருந்தது: ஆராய்ச்சி முறையில் குறைந்தது 103, மோட்டார் முறையில் குறைந்தது 95 ஆக்டேன் உள்ள பெட்ரோலைத்தான் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் இன்ஜின் பழுதாகலாம். அந்த காரில் ரேடியோ கிடையாது, ஹீட்டரும் கிடையாது. 427 கன அங்குலம், அதாவது 7 லிட்டர் இன்ஜின். கம்பெனி காகிதத்தில் எழுதியது 430 குதிரைத்திறன். உண்மையில் 500-ஐத் தாண்டும். அந்த முதல் ஆண்டில் செய்தவை 20 கார்கள்தான்.

கார்வெட்டை ஸ்போர்ட்ஸ் கார் வகையில் சேர்ப்பார்கள். இருந்தாலும் 1964-இல் பான்டியாக் ஜிடிஓ தொடங்கி வைத்த மஸில் கார் காலத்தின் மனநிலை முழுவதும் அந்த ஒட்டுத்தாளில் இருக்கிறது. கம்பெனியே பந்தய இன்ஜினைத் தயாரித்து, வாரண்டி அட்டையோடு கடையில் வைத்து விற்ற காலம் அது. அந்த இன்ஜின் ஏன் 103 கேட்டது என்று புரிந்துகொண்டால், இன்றைய ஆயிரம் குதிரைத்திறன் கார்கள் எப்படி ஓடுகின்றன என்பதும் புரிந்துவிடும்.

பிஸ்டன் மேலேறும்போது காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை நெருக்கப்படுகிறது. எல்88-இல் அழுத்த விகிதம் 12.5:1. எவ்வளவுக்கு நெருக்குகிறோமோ அவ்வளவுக்கு எரியும் வெப்பத்திலிருந்து கூடுதல் வேலையைக் கறக்கலாம். ஆனால் நெருக்க நெருக்கக் கலவை சூடேறும். பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே ஸ்பார்க் பிளக் பொறி விடுகிறது. தீ அங்கே பிறந்து சிலிண்டர் சுவரை நோக்கிப் பரவுகிறது. அது போய்ச் சேர்வதற்குள், ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை, எரிந்து விரியும் வாயுவால் நெருக்கப்பட்டு, தானாகவே மொத்தமாகப் பற்றிக்கொண்டால் அதுதான் நாக்கிங். வெளியே டிங் டிங் என்று இரும்பைத் தட்டுவது போலக் கேட்கும். உள்ளே அழுத்த அலைகள் சுவருக்குச் சுவர் மோதி, பிஸ்டன் தலையைக் காத்துக்கொண்டிருந்த மெல்லிய வாயுப் படலத்தைக் கலைத்துவிடுகின்றன. வெப்பம் நேராக அலுமினியத்தில் இறங்குகிறது. அப்படியே அழுத்தி ஓட்டினால் ரிங் பள்ளங்களின் விளிம்பு உடையும், பிஸ்டன் உருகி ஓட்டையே விழும்.

இப்படித் தானாகப் பற்றிக்கொள்ளாமல் ஒரு பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவுதான் ஆக்டேன். பெட்ரோலில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதற்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்க வேதியியலாளர் கிரகாம் எட்கர் 1920-களில் வகுத்த அளவுகோல் இது: எளிதில் நாக்கிங் தரும் ஹெப்டேனுக்கு 0, நன்றாகத் தாங்கும் ஐசோ ஆக்டேனுக்கு 100. சோதனைக்கென்றே ஒற்றை சிலிண்டர் இன்ஜின் ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் அழுத்த விகிதத்தை மாற்றலாம். நிமிடத்துக்கு 600 சுற்றில் எடுப்பது ஆராய்ச்சி முறை எண். கலவையைச் சூடாக்கி 900 சுற்றில், இன்னும் கடுமையாகச் சோதிப்பது மோட்டார் முறை எண். அமெரிக்க பங்கில் எழுதியிருப்பது இரண்டின் சராசரி. நம் ஊரில் 100 ஆக்டேன் என்று விற்கும் பெட்ரோலின் எண் ஆராய்ச்சி முறையில் எடுத்தது. அதையே அமெரிக்க பங்கில் விற்றால் சுமார் 95 என்றுதான் எழுதுவார்கள். எல்88 கேட்டதைச் சராசரியாக்கினால் 99 வருகிறது. இன்று பெரும்பாலான அமெரிக்க பங்குகளில் கிடைக்கும் உயர்ந்த ரகம் 91 அல்லது 93.

அன்று 103 எப்படிக் கிடைத்தது? ஈயத்தால். 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த டெட்ராஎத்தில் லெட்டைச் சிறிதளவு கலந்தாலே ஆக்டேன் எகிறியது. சுனோகோ பங்குகளில் ஒரே பம்பில் பல ரகங்களைக் கலந்து தருவார்கள். அதில் உச்ச ரகமான 260-ஐ மஸில் கார்க்காரர்கள் தேடிப் போய் நிரப்பினார்கள். அந்தப் புகையில் கலந்து வந்த ஈயம் ஊர் முழுக்கக் குழந்தைகளின் ரத்தத்தில் சேர்ந்தது. அந்த இன்ஜின்களின் அழகை எவ்வளவு ரசித்தாலும், அந்த பெட்ரோலை நிறுத்தியது சரியான முடிவு என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

1970-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் எட் கோல், அடுத்த மாடல் முதல் இன்ஜின்கள் 91 ஆக்டேனில் (ஆராய்ச்சி முறை) ஓடும் என்று அறிவித்தார். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வரப்போகிறது, ஈயம் பட்டால் அது செத்துவிடும் என்பது காரணம். அழுத்த விகிதம் சரிந்தது. கார்வெட்டின் எல்டி-1 இன்ஜின் 1970-இல் 11:1 விகிதத்தில் 370 குதிரைத்திறன். 1971-இல் 9:1, 330 குதிரைத்திறன். 1972-இல் 255 என்று காகிதத்தில் இறங்கியதை பெட்ரோலின் மேல் போடக் கூடாது. அந்த ஆண்டு அளக்கும் முறையே மாறியது. மின்விசிறி, ஆல்டர்னேட்டர், சைலன்சர் எல்லாவற்றையும் மாட்டி அளக்கத் தொடங்கியதால் வந்த இறக்கம் அது.

போன பலம் திரும்பி வந்தது கம்ப்யூட்டர் வழியாக. இன்ஜின் பிளாக்கில் போல்ட்டால் இறுக்கிய நாக் சென்சார், சிலிண்டர் சுவரின் அதிர்வைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நாக்கிங் அதிர்வு வினாடிக்கு 5,000 முதல் 7,000 வரையிலான வட்டாரத்தில் வரும். அது தட்டுப்பட்டதும் கம்ப்யூட்டர் அடுத்த பொறியைச் சில டிகிரி தாமதமாக்குகிறது. பிறகு மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குக் கொண்டு வந்து பார்க்கிறது. 1967-இல் ஒட்டுத்தாளை நம்பி விட வேண்டியிருந்த வேலையை இப்போது இன்ஜினே நொடிக்கு நொடி செய்கிறது.

இதன் பலன் 2018 டாட்ஜ் சேலஞ்சர் டீமனில் பளிச்சென்று தெரியும். 6.2 லிட்டர் இன்ஜினின் அழுத்த விகிதம் 9.5:1 மட்டுமே. ஆனால் மேலே உட்கார்ந்திருக்கும் சூப்பர்சார்ஜர், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு அழுத்தத்தோடு (14.5 பிஎஸ்ஐ) காற்றைத் திணிக்கிறது. சாதாரண 91-இல் 808 குதிரைத்திறன். காரோடு தனிப் பெட்டியில் வந்த கம்ப்யூட்டரை மாட்டி, 100 ஆக்டேனுக்கு மேற்பட்ட ஈயமில்லாத பந்தய பெட்ரோலை நிரப்பி, டேஷ்போர்டில் உள்ள பட்டனை அழுத்தினால் 840. இன்ஜின் அதேதான், புது பெட்ரோலைத் தெரிந்துகொண்டு பொறியின் டைமிங்கை மாற்ற ஒரு கம்ப்யூட்டர் இருந்ததால் வந்தது அந்த 32. அப்படி டைமிங்கை மாற்றிக்கொள்ளத் தெரியாத சாதாரண காரில் 100 ஆக்டேன் ஊற்றுவது வீண் செலவு. டீமனில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: பந்தயத்தின்போது ஏசி வாயுவைப் பயணிகள் பக்கம் அனுப்பாமல், திணித்த காற்றைக் குளிர்விக்கும் திரவத்தின் பக்கம் திருப்பிவிட்டார்கள். காற்று குளிர்ந்தால் நாக்கிங் தள்ளிப்போகும், காற்றும் கூடுதலாகக் கொள்ளும்.

2023-இல் வந்த டீமன் 170 பந்தய பெட்ரோலை விட்டுவிட்டு எத்தனாலுக்குப் போனது. 10 சதவீத எத்தனால் கலந்த சாதாரண பெட்ரோலில் 900 குதிரைத்திறன், பெயரளவில் 85 சதவீத எத்தனால் கொண்ட இ85-இல் 1,025. எத்தனாலின் ஆராய்ச்சி முறை ஆக்டேன் 108-ஐ ஒட்டி இருக்கிறது. லிட்டருக்குப் பார்த்தால் அதில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பிறகு எப்படிக் கூடுதல் பலம்? இன்ஜினின் வரம்பு காற்றுதான். ஒரு கிலோ பெட்ரோலை எரிக்க 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே அதே காற்றுக்கு அதிக எத்தனாலை ஊற்றலாம். கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ சமமாகிவிடுகிறது, கொஞ்சம் கூடவும் செய்கிறது. சானிடைசர் தடவிய கை சில்லென்று ஆவது போல எத்தனால் ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றையும் குளிர்விக்கிறது. ஒரே அளவு காற்றுக்குக் கணக்கிட்டால், சுத்த எத்தனால் தரும் குளிர்ச்சி பெட்ரோலைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. அந்தத் துணிச்சலில்தான் 170-இன் சூப்பர்சார்ஜர் அழுத்தத்தை 21.3 பிஎஸ்ஐ வரை ஏற்றினார்கள்.

இதற்கு விலை உண்டு. டேங்க் சீக்கிரம் காலியாகும். பம்பும் இன்ஜெக்டரும் பெரிதாக இருக்க வேண்டும். எத்தனால் தண்ணீரை இழுக்கும், சில ரப்பரையும் அலுமினியத்தையும் அரிக்கும்; அதனால் டேங்கிலிருந்து சிலிண்டர் வரை எல்லாக் குழாய்களும் அதற்கேற்ற பொருளில் இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் இ85 என்ற பெயரில் விற்பதில் எத்தனால் எப்போதும் 85 சதவீதம் இருப்பதுமில்லை. பருவத்தையும் இடத்தையும் பொறுத்து 51 முதல் 83 வரை மாறும். குளிரில் இன்ஜின் கிளம்ப வேண்டும் என்பதற்காகக் குறைக்கிறார்கள். எனவே டேங்கில் உள்ள சதவீதத்தை டீமன் 170 டேஷ்போர்டிலேயே காட்டுகிறது.

1960-களின் கார்களை இன்றும் ஓட்டுகிறவர்களுக்கு இந்த வசதி எதுவும் இல்லை. அவர்களில் சிலர் பந்தயக் களங்களில் கிடைக்கும் 110 ஆக்டேன் பெட்ரோலை டின்னில் வாங்கி, பங்க் பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிறார்கள். சிலர் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கைக் குறைத்துக்கொண்டு, கொஞ்சம் பலத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். இன்ஜினை எப்படியும் பிரிக்க வேண்டி வந்தால், தலை குழிந்த பிஸ்டன் போட்டு அழுத்த விகிதத்தை இறக்குவதுதான் நிலையான வழி. ஹெட்டைக் கழற்றிய கையோடு வால்வு இருக்கைகளையும் கடினப்படுத்தியதாக மாற்றிவிட வேண்டும்; அவற்றைத் தேயாமல் காத்துவந்ததும் அந்த ஈயம்தான்.