புத்தகத்தின் முதுகு ஏன் தூளாகிறது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்துச் சுட்டிகளே, வாருங்கள்! தோல் வாசனை உங்களுக்குப் புதிதில்லை. டேனரி வாசலைத் தாண்டித்தான் பலர் பள்ளிக்கூடம் போகிறீர்கள். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது ஒருவர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார். அதனால் நான் இன்று சொல்லப்போவதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியைத் தேடித் தஞ்சாவூர் வரை போய் வருவோமா?

தஞ்சாவூர் அரண்மனை வளாகத்துக்குள் சரஸ்வதி மகால் நூலகம் இருக்கிறது. 16 ஆம் நூற்றாண்டில் நாயக்க மன்னர்கள் சுவடிகளைச் சேர்க்கத் தொடங்கிய இடம் அது. நம் வேலூர்க் கோட்டை எழுந்ததும் அதே நூற்றாண்டில்தான். அப்போது இத்தாலியின் பிளாரன்ஸ் நகரிலும் ஒரு நூலகம் உருவாகிக்கொண்டிருந்தது. மைக்கலாஞ்சலோ என்ற மாபெரும் கலைஞர் அதை வடிவமைத்தார். லாரன்சியன் நூலகம் என்று பெயர். 1571 இல் அதைத் திறந்தார்கள். அங்கே புத்தகங்களை மேசையோடு சேர்த்துச் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள். புத்தகம் அவ்வளவு அரிய செல்வமாக இருந்த காலம் அது!

தஞ்சாவூரை நாயக்கர்களுக்குப் பிறகு மராத்திய மன்னர்கள் ஆண்டார்கள். அவர்களில் இரண்டாம் சரபோஜி, 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்தவர், புத்தகப் பித்தர். காசிக்கு யாத்திரை போனபோதும் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். ஐரோப்பாவிலிருந்து அச்சுப் புத்தகங்களை ஆயிரக்கணக்கில் வரவழைத்தார். பல புத்தகங்களில் அவர் ஆங்கிலத்தில் போட்ட கையெழுத்தை இன்றும் பார்க்கலாம். 1918 முதல் சரஸ்வதி மகால் பொதுமக்களுக்கான நூலகம். நீங்களும் போகலாம். மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் ஒப்பிட்டு லெ பிரன் என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்த படங்கள் அங்கே காட்சிக்கு இருக்கின்றன. அவற்றைத் தவறவிடாதீர்கள்.

முதலில் ஓலைச்சுவடியைப் பார்ப்போம். பனை ஓலையை நறுக்கி, வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றுவார்கள். பிறகு இரும்பு எழுத்தாணியால் எழுத்தைக் கீறுவார்கள். வெறுமனே பார்த்தால் ஒன்றும் தெரியாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து ஓலை முழுவதும் தடவித் துடைத்தால், கீறலுக்குள் மட்டும் கருமை தங்கும். எழுத்து பளிச்சென்று எழுந்து வரும்!

ஓலைக்கு முதல் எதிரி பூச்சி. சரஸ்வதி மகாலில் அதற்கு ஒரு பழைய மருந்து உண்டு. வசம்பு, கிராம்பு, மிளகு, பட்டை போன்றவற்றைப் பொடித்து, கற்பூரம் சேர்த்து, சின்னத் துணிப் பொட்டலமாகக் கட்டிச் சுவடிகளின் பக்கத்தில் வைப்பார்கள். அந்தக் காரமான வாசனை பூச்சிக்குப் பிடிக்காது. பாட்டியின் அஞ்சறைப் பெட்டியில் கூட ஒரு நூலகக் காவலர் இருக்கிறார், பார்த்தீர்களா?

சரி, இனி நம் ஊர்ச் சமாசாரத்துக்கு வருவோம். பழைய ஐரோப்பியப் புத்தகங்களில் பலவற்றுக்குத் தோலில்தான் அட்டை. உலகத்தின் பல நூலகங்களில் அப்படிப்பட்ட புத்தகத்தைத் தொட்டால் விரலில் செந்தூள் ஒட்டும். தோல் பொடிப்பொடியாக உதிரும். ஆட்டுத்தோல் செருப்பு தேயும், கிழியும். தூளாகுமா? இங்கே ஏன் தூளாகிறது?

இதற்குத் தோலின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். தோலில் கொலாஜன் என்ற புரத இழைகள் இருக்கின்றன. பட்டம் விடும் நூலைப் பிரித்துப் பாருங்கள். மெல்லிய புரிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டிருக்கும். கொலாஜனும் அப்படித்தான், மூன்று புரி முறுக்கு. அதனால்தான் தோலுக்கு அத்தனை வலு.

பச்சைத் தோலை அப்படியே போட்டால் கிருமிகள் தின்று அழுகிவிடும். அதனால்தான் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு முடியை நீக்குகிறார்கள். பிறகு பதனிடுகிறார்கள். இன்று பெரும்பாலும் டிரம்மில் போட்டுக் குரோம் உப்பால் பதனிடுகிறார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டை ஊறிய நீர்தான். கடைசியில் கடுக்காய் நீரும் சேரும். பட்டையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. அது கொலாஜன் புரிகளைச் சேர்த்துப் பிணைத்துவிடும். அப்புறம் கிருமியால் எளிதில் கடிக்க முடியாது.

இதுவரை புரிந்ததா? இழை, முறுக்கு, பிணைப்பு. மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் நம் சென்னை மாகாணத்தில் இப்படிப் பதனிட்ட தோல், கப்பலேறி லண்டனுக்குப் போனது. விலை குறைவு. அதனால் அங்கே ஏராளமான புத்தகங்களுக்கு அட்டையானது. ஆனால் சில ஆண்டுகளிலேயே அட்டைகள் பொடியத் தொடங்கின. நூலகர்கள் கவலைப்பட்டார்கள். சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் என்ற சங்கம் இதை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதன் முழு அறிக்கை 1905 இல் வெளிவந்தது.

இங்கே உங்களுக்கு ஒரு துப்பு தருகிறேன். அலமாரியில் நிற்கும் புத்தகத்தின் முதுகுதான் முதலில் உதிர்ந்தது. பக்கத்துப் புத்தகங்களோடு நெருங்கி மறைந்திருந்த பக்க அட்டைகள் நன்றாகவே இருந்தன. அப்படியானால் குற்றவாளி எங்கிருந்து வந்திருக்கும்? கொஞ்சம் யோசியுங்கள்.

சபாஷ், காற்றிலிருந்துதான்! அந்தக் காலத்து நூலகங்களில் எரிவாயு விளக்கு எரிந்தது. ஊரெங்கும் நிலக்கரிப் புகை. இரண்டிலிருந்தும் கந்தக டை ஆக்சைடு வாயு வரும். அது ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகும். அமிலம் கொலாஜன் புரிகளைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். புரி அறுந்த நூலில் பட்டம் நிற்குமா? தோலும் அப்படித்தான் உதிர்ந்தது.

டானினிலும் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஆவாரம்பட்டையின் டானின் ஒரு குடும்பம். இந்த வகைத் தோல் கந்தக வாயுவை அதிகம் பிடித்துவைத்துக்கொள்ளும். கடுக்காயும், ஐரோப்பாவில் பயன்பட்ட சுமாக் இலையும் இன்னொரு குடும்பம். அமிலத்தை அவை ஓரளவு தாங்கும். அதனால்தான் புத்தகத்துக்குச் சுமாக் தோல் நல்லது என்று குழு சொன்னது. நம் ஊர்த் தோல் வேண்டாம் என்றது.

இதைக் கேட்டு முகம் வாடாதீர்கள், கண்மணிகளே. நம் ஊர்த் தோல் தன் வேலைக்கு நல்ல தோல்தான். ஒரு செருப்பு மூன்று ஆண்டு உழைத்தால் அம்மா மெச்சுவார். புத்தக அட்டை முந்நூறு ஆண்டு உழைக்க வேண்டும். ஒரு பொருள் எத்தனை காலம் வாழ வேண்டும் என்று முதலில் கேட்டுவிட்டுத்தான், அதை எதனால் செய்வது என்று தீர்மானிக்க வேண்டும். பொருளறிவியலின் முதல் பாடமே இதுதான்.

இன்னொரு அதிசயம் கேளுங்கள். லாரன்சியன் நூலகத்தில் பல பழைய நூல்களுக்கு ஏடே தோல்தான்! ஆனால் அது பதனிட்ட தோல் இல்லை. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுரண்டி, உலரவைத்த தோல். அந்தச் சுண்ணாம்பில் கொஞ்சம் தோலிலேயே தங்கிவிடும். அமிலம் வந்தால் சுண்ணாம்பு அதன் வீரியத்தைத் தணித்துவிடும். ஐந்நூறு ஆண்டு கடந்தும் அந்த ஏடுகள் நிலைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நம் ஊர்ச் சுண்ணாம்புக் குழியின் வேலை எவ்வளவு தூரம் போகிறது, பாருங்கள்!

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. பள்ளி நூலகத்தில் மிகப் பழைய புத்தகம் ஒன்றை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். காகித அட்டையானாலும் பரவாயில்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள். முதுகின் நிறத்தையும் பக்க அட்டையின் நிறத்தையும் ஒப்பிடுங்கள். ஏட்டின் ஓரம் எப்படி, நடுப்பகுதி எப்படி? ஜன்னல் வெயில் படும் அலமாரியில் இருந்ததா, நிழலில் இருந்ததா? எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். அடுத்து, டேனரியில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் போய், அந்தக் காலத்தில் எந்தத் தோலுக்கு எந்தப் பட்டை, எத்தனை நாள் ஊறல் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நோட்டில் சேரும் அந்த இரண்டு பக்கங்கள்தான் ஒரு நூலகத்தைக் காப்பாற்றும் விஞ்ஞானியின் முதல் ஆராய்ச்சிக் குறிப்பு.