கடலைத் தாண்டும் நெட்டலைகள்

கடலுக்கு அடியில் கிடக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்கு வானொலியில் செய்தி சொல்வது எளிதல்ல. உப்புநீர் மின்னைக் கடத்துவதால் அலையை விழுங்கிவிடும். ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் அன்றாடம் பேசும் 14 மெகாஹேர்ட்ஸ் சிற்றலை, கடல்நீருக்குள் ஏழு சென்ரிமீற்றர் போவதற்குள் மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துபோகும். மீடிறனை 18 கிலோஹேர்ட்ஸ் வரை இறக்கினால், அதே தேய்வுக்கு ஏறக்குறைய இரண்டு மீற்றர் ஆழம் வேண்டும். அதனால்தான் கடற்படைகள் மிகத் தாழ்ந்த மீடிறனைக் கைவிடவில்லை. 1957 வரை பிரித்தானியக் கடற்படை தங்கியிருந்த திருகோணமலையில் இருந்துகொண்டு, அந்த அலைகளை ஒரு மாணவரே வீட்டு முற்றத்தில் பிடிக்கலாம்.

இங்கிருந்து இரண்டு நிலையங்களைத் தேடுவது நல்லது. ஒன்று, நமக்கு நேர் மேற்கே சுமார் 380 கிலோமீற்றரில், திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணம். 1990இல் தொடங்கிய ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற அந்த இந்தியக் கடற்படைத் தளத்தின் கோபுரங்கள் 470 மீற்றருக்கும் மேல் உயரம். அதன் அலை 18.2 கிலோஹேர்ட்ஸில் வரும். மற்றது, அவுஸ்திரேலியாவின் வடமேற்குக் கோடியில் எக்ஸ்மவுத் அருகே, 1967இல் தொடங்கி, இப்போது ஒரு மெகாவாட் வலுவில் 19.8 கிலோஹேர்ட்ஸில் ஒலிபரப்பும் நிலையம். அதற்கும் நமக்கும் இடையே சுமார் 4,900 கிலோமீற்றர். இலங்கைக் கரையை விட்டால் வழியெல்லாம் இந்து சமுத்திரம்தான்.

சங்கேதத்தில் வரும் அந்தச் செய்தி நமக்கு விளங்காது, விளங்கவும் வேண்டியதில்லை. அலையின் வலு எப்படி ஏறி இறங்குகிறது என்பதுதான் நமக்கு வேண்டிய தகவல்.

கருவி எளிது. ஒரு மீற்றர் அகலத்தில் மரச்சட்டம் ஒன்றைச் சதுரமாக அடித்து, எனாமல் பூசிய செப்புக் கம்பியை அதில் ஐம்பது சுற்றுச் சுற்ற வேண்டும். இரு முனைகளையும் ஒரு சிறு பெருக்கி வழியாக மடிக்கணினியின் மைக் துளையில் கொடுத்தால் போதும். கணினியின் ஒலி அட்டை விநாடிக்கு 48,000 மாதிரிகள் எடுப்பதால் 24 கிலோஹேர்ட்ஸ் வரை அதுவே வானொலிப் பெட்டியாகிவிடுகிறது. சட்டத்தைக் கிழக்கு மேற்காக நிறுத்தினால் விஜயநாராயணம் முழு வலுவில் வரும். தெற்கு வடக்காகத் திருப்பினால் மறைந்துபோகும். தென்கிழக்கே இருக்கும் எக்ஸ்மவுத் இரண்டு நிலையிலும் ஓரளவு கிடைக்கும். மின்விளக்கும் கைத்தொலைபேசி சார்ஜரும் பெரும் இரைச்சல் கிளப்புவதால் சட்டத்தை வீட்டிலிருந்து தள்ளி வைப்பது நல்லது. இடிமின்னல்தான் பெரிய எதிரி. ஏப்ரல் மாத மாலைகளிலும் மாரி தொடங்கும் ஒக்டோபரிலும் திரை முழுக்கக் கோடு கோடாக வெட்டும்.

இந்த அலைகள் நிலத்துக்கும், வானின் உயரே மின்னேற்றம் பெற்ற அடுக்கான அயன மண்டலத்தின் அடிப்பகுதிக்கும் இடையே மாறி மாறித் தெறித்துப் போகின்றன. அந்த அடிப்பகுதி பகலில் சுமார் 70 கிலோமீற்றர் உயரத்திலும் இரவில் 90 கிலோமீற்றரை ஒட்டியும் நிற்கும். எக்ஸ்மவுத்தில் பொழுது விடிந்து சராசரியாக இரண்டு மணி நேரத்துக்குப் பிறகே திருகோணமலையில் விடிகிறது. அந்த இடைவேளையில் விடியலின் எல்லைக்கோடு சமுத்திரத்தின் மேல் மேற்கு நோக்கி நகர, அலைவலு ஓரிடத்தில் குழிந்து மீண்டும் எழும். திருகோணமலைச் சீனன்குடாவில் இன்னும் இருட்டாக இருக்கும்போதே, நடுக்கடலில் சூரியன் எழுவதை இங்கே ஒரு வரைகோட்டில் பார்த்துவிடலாம். பாடப்புத்தகத்தில் அயன மண்டலம் என்று மனனம் செய்த ஒரு பிள்ளைக்கு இதைவிட நல்ல செய்முறை இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். பகலில் சூரியச் சுடர் வெடித்தாலும் வரைகோடு சில நிமிடங்களில் சட்டென்று மாறி, மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வரும்.

கேட்பதோடு நில்லாமல் அனுப்பவும் விரும்புவோருக்காக, 2007ஆம் ஆண்டு உலக வானொலி மாநாடு 135.7 முதல் 137.8 கிலோஹேர்ட்ஸ் வரையான துண்டை ஹாம்களுக்கு ஒதுக்கியது. கதிர்வீச்சு வலு ஒரு வாட்டைத் தாண்டக் கூடாது. அலைநீளமோ 2,200 மீற்றர். அதன் காற்பங்குக்கு ஈடான வானலைக்கம்பியே 550 மீற்றர் உயரம் வேண்டும். வீட்டுக் கொல்லையில் இருபது மீற்றர் கம்பி கட்டுபவர் கொடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி மண்ணிலும் சுருளிலும் சூடாகிப் போய்விடும். மிஞ்சும் சொற்ப வலுவைக் கொண்டே, அந்த ஒதுக்கீட்டுக்கு முன்பே, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெச்சூர்கள் அத்திலாந்திக்கின் இரு கரைகளையும் இணைத்தார்கள். மோர்ஸ் புள்ளி ஒன்றையே பல விநாடிகளுக்கு நீட்டி, மெதுவாக அனுப்பியதுதான் சூட்சுமம். மெதுவாக அனுப்பினால் மிகக் குறுகிய அலைவரிசை போதும்; குறுகியதில் இரைச்சலும் குறைவாகவே நுழையும். 1993இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லர் இதே கணக்கை 2008இல் விஸ்பர் என்ற மென்பொருளாக்கினார். ஒரு சிறு செய்தியை அது ஏறக்குறைய இரண்டு நிமிடம் எடுத்து அனுப்புகிறது. காதுக்கு எட்டாத அளவு இரைச்சலுக்குள் புதைந்திருந்தாலும் மறுமுனைக் கணினி படித்துவிடும்.

இலங்கையில் அனுப்புவதற்கு உரிமம் வேண்டும். ஆதலால் பாடசாலைகள் கேட்பதிலிருந்து தொடங்கலாம். கேட்டுப் பதிவதற்குச் சூரிய கிரகணம் நல்லதொரு வாய்ப்பு. 2019 டிசம்பர் 26 காலை, கங்கண சூரிய கிரகணம் திருகோணமலையின் மேலேயே கடந்துபோனது. 2031 மே 21இல் இன்னொரு கங்கண கிரகணம் தென்னிந்தியாவையும் வட இலங்கையையும் கடக்கிறது. விஜயநாராயணத்திலிருந்து நமக்கு வரும் அலைப்பாதை அன்று பட்டப்பகலில் நிழலுக்குள் போகும். அந்த மாற்றத்தை அளக்க வேண்டுமானால், கிரகணம் இல்லாத சாதாரண நாட்களின் பதிவும் மாதக்கணக்கில் கையில் இருக்க வேண்டும். சட்டத்தை இப்போதே அடிக்கலாம்.