செயற்கை நுண்ணறிவிடம் ‘ஒன்லைன்’ சொல்பவர் படைப்பாளியா?

டெல்லியில் ஒரு பஞ்சாபிக் குடும்பமும் ஒரு மதராஸிக் குடும்பமும் அடுத்தடுத்துக் குடியிருக்கின்றன. பிள்ளைகள் காதலிக்க, பெரியவர்கள் மாகாணப் பெருமை பேசி முறைத்துக்கொள்கிறார்கள். ஆர்.ஜி. ஆனந்த் 1953-ல் எழுதிய ‘ஹம் ஹிந்துஸ்தானி’ நாடகத்தின் ‘ஒன்லைன்’ இது. 1955-ல் நாடகத்தை இயக்குநர் மோகன் சேகலிடம் படித்துக் காட்டினார். அடுத்த ஆண்டே சேகலின் ‘நியூ டெல்லி’ வெளியானது. அதிலும் பஞ்சாபிப் பையன், தமிழ்ப் பெண். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1978-ல் முடிந்தபோது ஆனந்த் தோற்றிருந்தார். கருவும் கதைப்பொருளும் யாருக்கும் சொந்தமில்லை, சொன்ன விதத்துக்கும் அமைப்புக்கும்தான் பதிப்புரிமை என்றது தீர்ப்பு. வெளியூர்க்காரருக்கு வீடு வாடகைக்குக் கிடைக்காத பாடும் வரதட்சணையும் படத்தில் இருந்தன, நாடகத்தில் இல்லை. கதைத் திருட்டு வழக்குகளில் இன்றுவரை எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு இது.

‘இனி எழுதவோ வரையவோ தெரிய வேண்டாம், நல்ல யோசனை இருந்தால் போதும்’ என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. இந்தத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொண்டு கேட்டால் அது தலைகீழாக ஒலிக்கும். யோசனைக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் மதிப்பில்லை. ஆனந்தாவது முழு நாடகம் எழுதியவர். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் இரண்டு வரி சொல்பவர் சொல்லும் விதத்தையும் கருவியிடமே ஒப்படைத்துவிடுகிறார். அமெரிக்காவின் ஜேசன் ஆலன் மிட்ஜர்னி கருவியில் உருவாக்கிய ஓவியத்துக்கு 2022-ல் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் பரிசு கிடைத்தது. குறைந்தது 624 முறை கட்டளையை மாற்றி மாற்றிக் கொடுத்ததாகச் சொன்னார். 2023-ல் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் அவர் விண்ணப்பத்தை ஏற்கவில்லை. அதே ஆண்டு ஒரு படக்கதைக்கு அதே அலுவலகம் வேறு விதமாகத் தீர்ப்புச் சொன்னது: படங்கள் மிட்ஜர்னியின் வேலை, அவற்றுக்கு உரிமை இல்லை, எழுத்தும் படங்களைக் கோத்த முறையும் ஆசிரியருடையவை, அவற்றுக்கு உண்டு.

புகைப்படக்காரரும் பொத்தானைத்தானே அழுத்துகிறார் என்று கேட்கலாம். பழைய கேள்விதான். ஆஸ்கார் வைல்டை எடுத்த படம் தொடர்பான வழக்கில் 1884-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது: உட்காரவைத்த விதம், உடை, ஒளி எல்லாம் புகைப்படக்காரர் தேர்ந்தவை, ஆகவே படம் அவருடையது. 624 முறை கேட்டவரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தையற்காரரிடம் பத்துத் தடவை அளவு மாற்றச் சொன்னவர் தையற்காரர் ஆகிவிடுவதில்லை.

இன்னொரு எதிர்வாதம் இதைவிட வலுவானது: கருவி யோசனை மட்டும் தரட்டும், எழுதுவதை நாம் எழுதுவோமே? டோஷி, ஹவுசர் என்ற இரு ஆய்வாளர்கள் 2024-ல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் இதைச் சோதித்து எழுதினார்கள். 293 பேர் எட்டு வாக்கியக் கதை எழுதினார்கள். சிலருக்கு மட்டும் கருவி தந்த மூன்று வாக்கிய யோசனை கிடைத்தது. 600 பேர் படித்து மதிப்பிட்டதில், யோசனை பெற்றவர்களின் கதைகள் மேலாக வந்தன. கற்பனை குறைந்தவர்களுக்குப் பலன் அதிகம். ஆனால் அந்தக் கதைகள் ஒன்றையொன்று கூடுதலாக ஒத்திருந்தன. கை நம்முடையதாக இருந்தாலும் யோசனை அதைத் தன் தடத்தில் இழுத்துவிடுகிறது என்றே இதை நான் படிக்கிறேன்.

இரவல் கரு இழுத்த இழுப்புக்குப் போகாததற்குத் தமிழிலேயே பெரிய சாட்சி உண்டு. வழிநூல் என்று தொல்காப்பியமே ஒரு வகை வகுத்திருக்கிறது. பிறர் பொருளை எடுத்தாள்வது இங்கே இழுக்கில்லை. கம்பராமாயணத்தின் கதை வால்மீகியுடையது. ஆனால் மிதிலைத் தெருவில் போகும் ராமனும் மாடத்தில் நிற்கும் சீதையும் வில் முறிவதற்கு முன்பே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது கம்பன் வைத்த காட்சி. அதன்பின் வில் வளையுமா என்று காத்திருக்கும் சீதையின் தவிப்பே வேறு.

கருவி உருவாக்கியது யாருக்குச் சொந்தம் என்பதில் இந்தியச் சட்டம் தெளிவாக இல்லை. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் சேர்த்த திருத்தப்படி, கணினி உருவாக்கும் படைப்புக்கு அது உருவாகக் காரணமானவரே ஆசிரியர். யார் காரணம்? கட்டளை கொடுத்தவரா, கருவியைச் செய்த நிறுவனமா? 1994-ல் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஆகவே கருவியோடு எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள், தாங்கள் அடித்துத் திருத்திய வரைவுகளைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். நாளை ‘இதில் உன் பங்கு எது’ என்று கேட்டால் காட்டுவதற்கு அதுதான் இருக்கும்.