பசுமைக் கட்டடத் தோட்டத்தில் பூச்சி நிர்வாகம்

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டை, மிட்டனமல்லி பகுதிகளில் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்போரில், பூச்செடி நாற்றங்கால் போட்டு, அம்பத்தூர்ப் பக்கத்து அலுவலகங்களின் தோட்டப் பராமரிப்பையும் ஏற்று நடத்துவோர் உண்டு. அப்படி ஒருவர் சென்ற ஆண்டு ஒரு கடிதத்தோடு என்னிடம் வந்தார். வயலில் மிஞ்சிய மருந்தை அலுவலகத்துச் செம்பருத்திக்கு அடித்திருக்கிறார். அந்த மாதப் பணம் நின்றுவிட்டது. ஒப்பந்தமும் போகும் நிலை. "பூச்சி செத்ததே ஐயா, அப்புறம் என்ன குற்றம்?" என்றார்.

அவர் கேட்டது நியாயமே. யாரும் அவருக்கு விதியைச் சொல்லவில்லை.

மின்சாரம், தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிட்டு, சுற்றுப்புறத்தைக் கெடுக்காத கட்டடங்களுக்குப் பசுமைச் சான்று தரப்படுகிறது. அமெரிக்காவில் தோன்றிய 'லீட்' முறையும், 2001இல் தொடங்கப்பட்ட இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சிலின் முறையும் நம் நாட்டில் வழக்கத்தில் உள்ளன. சென்னை ஓமந்தூரார் தோட்டத்தில் 2010இல் திறக்கப்பட்டு, 2014 முதல் அரசு மருத்துவமனையாக இயங்கும் கட்டடம் லீட் தங்கச் சான்று பெற்றது. கட்டி முடித்ததோடு வேலை முடிவதில்லை. தோட்டப் பராமரிப்புக்கும் பூச்சி நிர்வாகத்துக்கும் லீட் விதிகளில் மதிப்பெண் உண்டு. தோட்டக்காரர் செய்யும் தவறு கட்டடத்தின் சான்றையே பாதிக்கும். ஆகவேதான் அந்தக் கடிதம்.

விதி சொல்வது என்ன?

நாள் கணக்கு வைத்து மருந்தடிக்கக் கூடாது. முதலில் செடியைப் பார்த்துப் பூச்சியை எண்ண வேண்டும். சேதம் அளவு மீறினால் மட்டுமே நடவடிக்கை. அதிலும் கையால் அகற்றுவது, நீரைப் பீய்ச்சுவது போன்றவை முதலில், நச்சு மருந்து கடைசியில். நச்சு மிகக் குறைந்தவை தவிர, எந்த மருந்தானாலும் தெளிப்பதற்கு 72 மணி நேரம் முன்பே கட்டடத்தில் இருப்போருக்கு அறிவிக்க வேண்டும். அவசரமாகத் தெளிக்க நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அறிவிப்பை ஒட்டுவது நிர்வாகியின் வேலைதான் என்றாலும், நான்கு நாள் முன்பே அவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

இது ஒன்றும் நமக்குப் புதிதல்ல. பொருளாதாரச் சேதநிலை என்று நாங்கள் கூட்டங்களில் ஓயாமல் சொல்கிறோமே, அதேதான். 1959இல் கலிபோர்னியா விஞ்ஞானிகள் நால்வர் குதிரைமசால் பயிரில் கண்ட அனுபவத்தை வைத்து வகுத்த கருத்து அது. வயலிலிருந்து கட்டடத்துக்குப் போயிருக்கிறது.

மாவுப்பூச்சி தந்த பாடம்

நம் செம்பருத்திக்காரர் பார்த்தது மாவுப்பூச்சி. பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவையில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று பரவியதைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். எத்தனை மருந்து அடித்தும் அடங்கவில்லை. அதன் உடல்மீதுள்ள மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடாது. மருந்து கொன்றதெல்லாம் நன்மை செய்யும் பூச்சிகளைத்தான். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து விட்ட பிறகே கட்டுக்குள் வந்தது. நஞ்சு அடித்தால் அந்தக் குளவிதான் முதலில் சாகும்.

ஆகவே, மாவுப்பூச்சி கண்ட கிளைகளை வெட்டி எரித்துவிடவும். எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்ளவும். மாவுப்பூச்சியைக் காப்பாற்றுவதே எறும்புதான். மீதிக்கு வேப்பங்கொட்டைச் சாறு போதும். அரை கிலோ பருப்பை இடித்து, துணியில் கட்டி ஓரிரவு ஊறவைத்துப் பிழிந்து, 10 லிட்டராக்கி, 10 கிராம் காதி சோப்பு கரைத்து மாலையில் தெளிக்கவும். காய்கறிப் பயிருக்கு 2005லேயே தடை செய்யப்பட்ட மோனோகுரோட்டோபாஸை இங்கே நினைக்கவே வேண்டாம். தென்னையில் சுருள் வெள்ளை ஈ கண்டாலும் நஞ்சு கூடாது. ஓலையின் அடிப்பாகத்தில் நீரைப் பீய்ச்சி, கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா பசை தெளித்தால் போதும்.

எலிக்குப் பசை மருந்து வைக்கும் பழக்கத்தை விடவும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசையைத் தமிழக அரசு 2023இல் நிரந்தரமாகத் தடை செய்துவிட்டது. பொந்தை அடைத்து, சாப்பாட்டுக் கழிவை மூடி வைத்து, பொறி வைக்கவும்.

வெட்டிய புல்லையும் தழையையும் குப்பை லாரியில் ஏற்றாமல் அங்கேயே குழியில் மட்க வைக்க வேண்டும். இதற்கும் விதி உண்டு. வெறும் மண் மழையில் அரிக்காதபடி தழை மூடாக்கு இடவும். மூடாக்கு சுவரைத் தொட்டால் கரையான் ஏறும். ஓரடி தள்ளியே இருக்கட்டும். (அமெரிக்க விதியில் பனி அள்ளுவதற்கும் ஒரு பகுதி உண்டு. அம்பத்தூருக்கு அது தேவைப்படாது.)

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, எந்தச் செடி, என்ன பூச்சி, 20 செடியில் எத்தனையில் கண்டது, என்ன செய்தீர்கள், எவ்வளவு தெளித்தீர்கள் என்று தமிழிலேயே எழுதலாம். ஒன்றும் தெளிக்காத வாரத்தையும் எழுதவும். சான்றுக்காரர் தேடுவது அதைத்தான். நம் விவசாயி இப்படி எழுதிய நோட்டோடு போய்ப் பேசினார். மூன்று மாதம் பார்க்கிறோம் என்று தவணை கொடுத்திருக்கிறார்கள்.

பூச்சி இன்னதென்று தெரியாவிட்டால், பாதித்த கிளையைப் பாலித்தீன் பையில் போட்டுத் திரூர் வேளாண்மை அறிவியல் நிலையத்துக்கு எடுத்து வரவும். மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் வரவும்.